சேவல் கூவும் வரை: ஒரு பேய்ப்படத்தின் வரலாறு

1995-ஆம் ஆண்டு திரைப்படக் கலை நூறு அகவை நிறைவெய்தியது. அதனை முன்னிட்டு, சமூகத் தொடர்புகளுக்காக அந்நாளில் இயங்கி வந்த திருப்பீட அவை, குறிப்பிடத்தக்க திரைப்படங்கள் 45-ஐத் தேர்ந்து பட்டியலிட்டது. சமயம், மானுட விழுமியங்கள், கலை என மூன்று பிரிவுகள். பிரிவுக்கு 15 படங்கள். சமயப் பிரிவில் இயேசுவின் வாழ்வையும் புனிதர்களின் வாழ்வையும் சொல்லும் படங்கள் இருந்ததில் வியப்பில்லை. கலைப் பிரிவில் இருந்த ஒரு பெயரே நம்மைச் சற்று நிறுத்தி எண்ண வைக்கிறது. 1922-இல் ஜெர்மனியில் வெளியான 'நோஸ்ஃபெராட்டு' என்னும் பேசாப்படம் அது. இரவில் கல்லறைப் பெட்டியிலிருந்து எழுந்து வந்து மனிதரின் இரத்தத்தைக் குடிக்கும் பிணம் ஒன்றின் கதை!

பேய்ப்படம் என்றாலே பிள்ளைகளை அப்புறப்படுத்தும் இல்லங்கள் நம்மிடையே பல. அது தவறுமன்று. ஆயினும் இப்படத்தின் வரலாறு அறியத்தக்கது. சிறு முதலில் எடுக்கப்பட்ட படம் இது. உரியவரிடம் கேளாமல் எடுத்த கதை. நீதிமன்றம் அழிக்கச் சொல்லியும் அழியாமல் பிழைத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, தீமையை வெல்வது எது என்னும் வினாவுக்கு, தான் எடுத்துக்கொண்ட மூல நூல் சொல்லாத ஒரு விடையை அது சொன்னது. அவ்விடையைக் கிறிஸ்தவர்களாகிய நாம் எண்ணிப் பார்ப்பது பயன் தரும்.

கல்லறைகளைத் தோண்டிய காலம்

நம் நாட்டார் வழக்கில் காட்டேரி உண்டு. ஐரோப்பாவின் இரத்தக் காட்டேரி வேறு வகை. அது உருவமற்ற ஆவியன்று. அடக்கம் செய்யப்பட்ட உடலே எழுந்து உலவுவதாக நம்பினர். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆஸ்திரிய அரசின் ஆட்சியிலிருந்த செர்பியச் சிற்றூர்களில் இந்த நம்பிக்கை பெரும் அச்சமாக வெடித்தது. 1725-லும் 1732-லும் அங்கிருந்து சென்ற அதிகாரிகள், மருத்துவர்களின் அறிக்கைகள் ஐரோப்பா முழுவதும் பரவின. ஊரில் அடுத்தடுத்துச் சாவு விழும்; முதலில் இறந்தவர்மேல் பழி விழும்; கல்லறையைத் தோண்டுவர்; உடல் அழுகாமலும் வாயோரம் குருதி வடிந்தும் இருக்கக் கண்டு, மார்பில் கழுமுளை அறைந்து எரிப்பர். குளிர்ந்த மண்ணில் உடல் மெல்லவே சிதையும் என்பதும், உள்ளே பெருகும் வாயு கருநிற நீரை வாய்வழித் தள்ளும் என்பதும் இன்று மருத்துவம் தெளிந்த செய்திகள். கொள்ளைநோயின் காரணம் அறியாத அம்மக்களுக்கோ, கண்முன் கிடந்த பிணமே காரணமாயிற்று.

பெனடிக்ட் சபைத் துறவி அகுஸ்தீன் கால்மே 1746-இல் இச்செய்திகளையெல்லாம் திரட்டி ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். 1755-இல் மொராவியாவில் இப்படியொரு பெண்ணின் உடல் தோண்டி எரிக்கப்பட்டபோது, பேரரசி மரிய தெரேசா தம் மருத்துவர் ஃபான் ஸ்வீட்டனின் அறிக்கையைப் பெற்று, இவ்வழக்கத்தைச் சட்டத்தால் தடை செய்தார். இறந்தோரின் கல்லறைகளுக்கு அமைதி கிடைத்தது. ஆனால் கதை சாகவில்லை. கல்லறையிலிருந்து நூலகத்துக்கு இடம் பெயர்ந்தது. 1897-இல் அயர்லாந்துக்காரரான பிராம் ஸ்டோக்கர் 'டிராகுலா' புதினத்தை வெளியிட்டார். 'நோஸ்ஃபெராட்டு' என்னும் சொல்லும் அப்புதினத்தில் வருவதே.

பிராணன் என்னும் பெயரில் ஒரு நிறுவனம்

முதல் உலகப் போரில் ஜெர்மனி ஏறக்குறைய இருபது இலட்சம் வீரர்களை இழந்தது. போர் ஓயுமுன்னரே 1918-இன் விஷக்காய்ச்சல் வந்து, போர் விட்டுவைத்த வீடுகளிலும் புகுந்தது. பணத்தின் மதிப்பு நாளுக்கு நாள் சரிந்துகொண்டிருந்தது. சாவு பழகிப்போன அந்த நாட்டில், 1921-ஆம் ஆண்டு, பெர்லின் நகரில் ஒரு சிறு படநிறுவனம் தோன்றியது. நிறுவியவர் இருவர்: ஓவியரும் கட்டடக் கலைஞருமான அல்பின் கிராவ், வணிகரான என்ரிகோ டீக்மன். கிராவ் மறைபொருள் ஆராய்ச்சியில் மூழ்கியவர். நிறுவனத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'பிராணா'. ஆம், உயிர்மூச்சு என்று நாம் பொருள் கொள்ளும் வடசொல்லே அது. கீழைநாட்டு ஞானத்தின்மேல் அந்நாளைய ஜெர்மானியர் சிலர் கொண்ட மோகத்தின் அடையாளம். உயிர்மூச்சின் பெயர் தாங்கிய அந்நிறுவனம் ஒரே ஒரு படத்தோடு மூச்சை விட்டது. அந்த ஒரு படமும் பிறர் உயிரை உறிஞ்சும் பிணத்தைப் பற்றியது.

போரில் பணியாற்றியபோது செர்பிய உழவர் ஒருவர், இறந்துபோன தம் தந்தையே காட்டேரியாக உலவியதாகத் தமக்குச் சொன்னார் என்றும், அதிலிருந்தே இப்படத்தின் எண்ணம் பிறந்தது என்றும் கிராவ் எழுதியுள்ளார். அக்கதை எந்த அளவுக்கு உண்மையோ, திரைக்கதை எழுதிய ஹென்ரிக் காலீன் கையிலெடுத்தது ஸ்டோக்கரின் புதினத்தையே. இயக்கும் பொறுப்பு ஃபிரீட்ரிக் வில்ஹெல்ம் முர்னாவ் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1888-இல் பிறந்த அவர் போரில் தரைப்படையிலும் பின்னர் வான்படையிலும் பணியாற்றியவர். அவருடைய நெருங்கிய நண்பரும் கவிஞருமான ஹான்ஸ் ஏரன்பாவும்-டேகலே 1915-இல் போர்முனையில் மாண்டிருந்தார். சாவை நூல்களில் மட்டும் படித்தவரல்லர் முர்னாவ்.

குறைந்த முதலும் நிறைந்த உழைப்பும்

அந்நாளில் ஜெர்மானியப் படங்கள் பெரும்பாலும் அரங்குகளுக்குள்ளேயே எடுக்கப்பட்டன. காடும் மலையும்கூடத் துணியிலும் அட்டையிலும் தீட்டப்பட்டன. முர்னாவோ தம் சிறு குழுவுடன் வெளியே புறப்பட்டார். 1921 கோடையில் வடஜெர்மனியின் விஸ்மர் துறைமுகத்திலும், லூபெக் நகரின் பழைய உப்புக் கிடங்குகள் முன்பும் படப்பிடிப்பு நடந்தது. காட்டேரிப் பிரபுவின் மாளிகைக்கு இன்றைய சுலோவாக்கியாவிலுள்ள ஓரவா கோட்டை அமைந்தது. உள்ளரங்கக் காட்சிகள் மட்டும் பெர்லினில் எடுக்கப்பட்டன. அவ்வாறு உண்மையான தெருவும் மலையும் கடலும் படத்துள் வந்ததால், அச்சமும் உண்மையாயிற்று. பேய் என்பது எங்கோ ஒரு கற்பனைக் கோட்டையில் அன்று, நாம் நாள்தோறும் நடக்கும் தெருவிலேயே வரக்கூடும் என்று காண்போர் உணர்ந்தனர்.

ஒளிப்பதிவாளர் ஃபிரிட்ஸ் ஆர்னோ வாக்னரிடம் இருந்தது ஒரே ஒரு படப்பெட்டி. ஆதலால் மூல நெகடிவும் ஒன்றே. இன்று போல் கணினி வித்தை ஏதும் இல்லை. ஆவியுலகத்துக்குள் வண்டி நுழைவதைக் காட்ட, நெகடிவையே அப்படியே திரையில் காட்டினர். மரங்கள் வெளுத்து, வானம் கறுத்தது. படச்சுருளை மெதுவாகச் சுழற்றி எடுத்ததனால், திரையில் குதிரைகள் இயற்கைக்கு மாறான விரைவில் ஓடின. ஒவ்வொரு சட்டமாக எடுத்து, சவப்பெட்டியின் மூடி தானே எழுந்து பொருந்துவதாகக் காட்டினர். இரவில் படமெடுக்கும் வசதி இல்லாமையால், பகலில் எடுத்துப் பிரதிகளுக்கு நீலச் சாயம் ஏற்றினர். நீலம் என்றால் இரவு என்பதைக் காண்போர் அறிவர். ஓநாய் மனிதன் வர வேண்டிய இடத்தில், ஒரு கழுதைப்புலியை நடமாட விட்டனர்! அதனைக் காணும்போது இன்று சிரிப்பு வரலாம். ஆனால் பிரபுவின் நிழல் படிக்கட்டுகளில் ஏறும் காட்சியில் எவரும் சிரிப்பதில்லை. சுவரில் விழுந்த ஒரு நிழல். அதற்கு ஆன செலவு எவ்வளவாக இருந்திருக்கும்? இல்லாமையே சில வேளைகளில் கலைஞனுக்கு ஆசானாகிறது.

காட்டேரியாக நடித்தவர் மாக்ஸ் ஷ்ரெக் என்னும் நாடக நடிகர். 'ஷ்ரெக்' என்னும் ஜெர்மானியச் சொல்லுக்குத் திகில் என்பது பொருள். அதனாலேயே அவர் நடிகரல்லர், உண்மையான காட்டேரியே என்று பிற்காலத்தில் கதை கட்டினர். 2000-ஆம் ஆண்டில் அக்கற்பனையை வைத்து ஒரு படமே வந்தது. அவரோ மேடைகளில் நாளும் உழைத்து, 1936-இல் மறைந்த ஓர் எளிய கலைஞர்.

கதையின் போக்கு

படத்தின் கதை 1838-இல், விஸ்போர்க் என்னும் கற்பனை நகரில் நிகழ்கிறது. வீடு விற்கும் தரகராகிய நாக் என்பவன், ஹூட்டர் என்னும் இளைஞனைக் கார்ப்பாத்திய மலைக்கு அனுப்புகிறான். அங்கே ஓர்லாக் பிரபு வீடு வாங்க விரும்புகிறாராம். ஹூட்டரின் மனைவி எல்லனின் சிற்றோவியத்தைப் பிரபு காண்கிறார்; அவர்கள் வீட்டுக்கு எதிர்வீட்டையே வாங்குகிறார். மண் நிரப்பிய சவப்பெட்டிகளோடு கப்பலேறுகிறார். கப்பலில் ஒருவர் பின் ஒருவராக மடிகின்றனர். ஆளற்ற கப்பல் துறைமுகத்தை அடைகிறது. எலிகள் இறங்குகின்றன, ஊரில் கொள்ளைநோய் பரவுகிறது. காட்டேரியைப் பற்றிய நூலொன்றில் எல்லன் ஒரு செய்தியைப் படிக்கிறாள். தூய உள்ளம் கொண்ட பெண்ணொருத்தி, தானே விரும்பித் தன்னைத் தந்து, சேவல் கூவும் வரை அவனைத் தன்னருகே இருத்திவிட்டால் அவன் அழிவான் என்பதே அது. அவள் சாளரத்தைத் திறக்கிறாள். பொழுது விடிகிறது. முதற்கதிர் பட்டதும் ஓர்லாக் புகையாக மறைகிறான். எல்லன் தன் கணவனின் கைகளில் உயிர் துறக்கிறாள்.

புதினத்தை அறிந்தவர்க்கு இங்கே மாற்றங்கள் பல தென்படும். டிராகுலா ஓர்லாக் ஆனான். இலண்டன் விஸ்போர்க் ஆயிற்று. இவை மேலோட்டமான மாற்றங்கள். முடிவில் செய்த மாற்றமே தலையாயது. ஸ்டோக்கரின் டிராகுலா பகலில் நடமாட வல்லவன். அவன் வலிமை அப்போது குன்றியிருக்கும், அவ்வளவே. கதிரவன் மறையும் வேளையில், ஆண்கள் சிலர் துரத்திச் சென்று கத்திகளால் அவனைக் கொல்கின்றனர். அவற்றுள் ஒன்று கூர்க்காக்களின் குக்ரி. படத்திலோ கத்தி இல்லை, துரத்தல் இல்லை. மறையும் கதிரவனுக்கு மாறாக உதிக்கும் கதிரவன். காட்டேரி வெயில் பட்டால் அழியும் என்று இன்று சிறுவரும் சொல்கின்றனரே, அது பழைய நாட்டார் நம்பிக்கையன்று, ஸ்டோக்கரின் கற்பனையுமன்று, இப்படத்திலிருந்து பரவியதே. முர்னாவ் பயன்படுத்திய திரைக்கதைப் பிரதியில் காலீன் எழுதிய இறுதிப் பகுதி காணப்படவில்லை. அப்பக்கங்களை முர்னாவே எழுதியிருக்கிறார். அந்தப் பிரதி பிற்காலத்தில் திரை வரலாற்றாசிரியர் லாட்டே ஐஸ்னரின் ஆய்வால் வெளிவந்தது.

கைம்பெண்ணின் வழக்கு

1922 மார்ச் 4 அன்று பெர்லின் விலங்குக் காட்சிச்சாலையின் பளிங்கு மண்டபத்தில், பழங்கால உடையணிந்த விருந்தினர் கூடிய பெருவிழாவில் படம் ஜெர்மனியில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. ஹான்ஸ் எர்ட்மன் அமைத்த இசையைப் பெரிய வாத்தியக் குழு அங்கேயே வாசித்தது. படத்தை எடுப்பதில் சிக்கனம் காட்டியவர்கள் விளம்பரத்தில் கைநீண்டனர். சில மாதங்களிலேயே பிராணா நிறுவனம் கடனில் மூழ்கியது.

இதற்கிடையே பெர்லின் விழாவின் அச்சிட்ட நிகழ்ச்சித்தாள் ஒன்று இலண்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. அதைப் பெற்றவர் ஃபிளாரன்ஸ் ஸ்டோக்கர். கணவர் பிராம் 1912-இல் இறந்துவிட்டார். அறுபத்து மூன்று அகவையை எட்டியிருந்த அவருக்குக் கணவர் விட்டுச்சென்ற எழுத்துகளில் வருவாய் தரக்கூடியது 'டிராகுலா' ஒன்றே. படத் தயாரிப்பாளர்கள் தலைப்பையும் பெயர்களையும் மாற்றினர். ஆயினும் பிராம் ஸ்டோக்கரின் நூலைத் தழுவியது என்று படத்தின் தொடக்கத்திலேயே எழுதியும் வைத்தனர். எடுத்ததை ஒப்புக்கொண்டனர், ஆனால் உரியவரிடம் ஒரு சொல் கேட்கவில்லை, ஒரு காசும் கொடுக்கவில்லை.

அவர் எழுத்தாளர் கழகத்தின் துணையை நாடினார். நொடித்துப்போன நிறுவனத்திடம் இழப்பீடு பெறுவது எளிதன்று. வழக்கு மூன்று ஆண்டுகள் இழுத்தது. இறுதியில் 1925 ஜூலையில், படத்தின் பிரதிகள் அனைத்தையும் நெகடிவையும் அழித்துவிட வேண்டும் என்று ஜெர்மானிய நீதிமன்றம் ஆணையிட்டது. பின்னர், 1928-இல், இலண்டனில் ஒரு பிரதி தலைகாட்டியபோதும் அவர் அதை விடவில்லை.

திரைப்பட வரலாறு எழுதுவோர் சிலர் இந்த மூதாட்டியைக் கலையின் பகைவராகவே சித்திரிக்கின்றனர். நமக்கு அது நேர்மையாகத் தோன்றவில்லை. உழைத்தவனுக்குரிய கூலியைக் கொடுக்காமல் வைத்துக்கொள்வது வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவம் என்று திருமறை நமக்குக் கற்பிக்கிறது. கூலிக்குரியவன் இறந்துவிட்டான் என்பதால் கடன் தீர்ந்துவிடுமா? கைம்பெண்ணுக்குரியதைப் பறிப்பது நற்கலைஞன் செய்தாலும் பறிப்பதே. அவர் கேட்டது இரக்கமன்று, நீதி. 'நல்ல படம்தானே வந்தது' என்று பின்வந்தோர் சொல்வது, அநீதியை நியாயமாக்கிவிடாது. பிறர் பாட்டையும் கதையையும் பெயர் சொல்லாமல் எடுத்தாளுவதை இன்று நாமும் இயல்பாக எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டோம். பங்கு விழாக்களின் நாடகத்துக்கும் மலருக்கும்கூட இது பொருந்தும்.

பிழைத்த பிரதிகள்

ஆணை நிறைவேறியது, மூல நெகடிவ் மறைந்தது. ஆயினும் அதற்கு முன்னரே பிரதிகள் பிற நாடுகளுக்குச் சென்றிருந்தன. பிரெஞ்சு நாட்டில் சில, வேறிடங்களில் சில. 1929-இல் நியூயார்க்கில் படம் திரையிடப்பட்டது. 1930-இல் ஒலி சேர்த்து, வேறு தலைப்பிட்டு, வெட்டியும் ஒட்டியும் ஒரு மாற்றுவடிவம்கூட வெளிவந்தது. பாரிசில் இயங்கும் பிரெஞ்சுத் திரைப்படக் காப்பகம் பழைய பிரதிகளைப் பேணிக் காத்தது. பல்லாண்டுகள் உலகம் பார்த்தவையோ நீலச் சாயம் நீங்கிய கறுப்பு வெள்ளைப் பிரதிகள். அவற்றில் இரவு பகலாகிவிட்டது. வெயிலில் அழிய வேண்டிய காட்டேரி, பட்டப்பகலில் சவப்பெட்டியைச் சுமந்துகொண்டு தெருவில் நடந்தான்! பொருளே புரியாமல் பலரும் நகைத்தனர்.

1980-களில் மியூனிக் திரைப்பட அருங்காட்சியகத்தின் என்னோ பட்டலாஸ் பல நாட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கிப் படத்தை மீட்டெடுக்கத் தொடங்கினார். முர்னாவின் பெயரால் வீஸ்பாடன் நகரில் இயங்கும் அறக்கட்டளை, சாயம் ஏற்றிய பழைய பிரெஞ்சுப் பிரதியொன்றை அடிப்படையாகக் கொண்டு 2005-2006-இல் விரிவான மீட்புப் பணியைச் செய்தது. விவிலியப் படிகளை ஒப்புநோக்கி மூலபாடத்தைத் தேடும் அறிஞரின் பொறுமையை நாம் அறிவோம். ஏறக்குறைய அதே பொறுமை இங்கும் வேண்டியிருந்தது. சட்டம் அழிக்கச் சொன்னதைச் சிதறல் காத்தது. 1979-இல் வெர்னர் ஹெர்ட்சாக்கும், 2024-இல் ராபர்ட் எக்கர்சும் இக்கதையை மீண்டும் படமாக்கினர்.

அந்நியன் என்னும் அச்சம்

படத்தைப் பற்றி எழுப்பப்படும் கடுமையான வினாவொன்றை நாம் தாண்டிச் செல்லலாகாது. வளைந்த மூக்கும், நீண்ட நகமும், எலிகள் பின்தொடரக் கிழக்கிலிருந்து வரும் அந்நியனுமாகிய ஓர்லாக், யூதர்களை இழிவுபடுத்த அந்நாளில் வரையப்பட்ட கேலிச்சித்திரங்களை ஒத்திருக்கிறான் என்று ஆய்வாளர் பலர் சுட்டுகின்றனர். படைத்தோரின் எண்ணம் அதுவன்று என்பாரும் உளர். திரைக்கதையாசிரியர் காலீன் யூதர். நாக் ஆக நடித்த அலெக்சாண்டர் கிரானாக் யூதர். பேராசிரியராக நடித்த ஜான் காட்டோவ்ட்டும் யூதர். எண்ணம் எதுவாயினும், உருவங்களுக்குத் தனி வாழ்வு உண்டு. நோயை ஊருக்குள் கொணர்பவன் அந்நியனே என்னும் நஞ்சு, பத்தே ஆண்டுகளில் அந்நாட்டின் அரசியலாயிற்று. கிரானாக் நாட்டை விட்டு ஓடி, 1945-இல் நியூயார்க்கில் இறந்தார். காட்டோவ்ட் 1942-இல் போலந்தில் நாசிகளால் கொல்லப்பட்டார். திரையில் காட்டேரியை ஆராயும் அறிஞராக நின்றவரை, உண்மையான இரத்தவெறி வேறோர் உருவில் வந்து உண்டது.

படத்திலேயே இதற்கொரு காட்சி உண்டு. நோய் முற்றிய ஊரார், சிறைக்காவலனைக் கொன்று தப்பியோடும் நாக்கைக் கூட்டமாகத் துரத்துகின்றனர். அவன் குற்றமற்றவன் அல்லன். எனினும் கொள்ளைநோய்க்குக் காரணம் அவனே என்று அவனைக் காட்டேரியாக்கி வெறிகொள்கின்றனர். வயலில் நின்ற சோளக்கொல்லைப் பொம்மையை அவனென்று எண்ணிப் பாய்கின்றனர். அத்துரத்தலால் நோய் ஒரு துளியும் தணியவில்லை. செர்பியச் சிற்றூரில் பிணத்தைத் தோண்டிய கைகளும் இவையே. 2020-இல் பெருந்தொற்று வந்தபோது, பரப்பியவர் இன்னார் என்று ஒரு சமூகத்தின்மேல் விரல் நீட்டிய கூட்டங்களை நம் நாடும் கண்டது. தொற்றால் இறந்தோரை அடக்கம் செய்ய இடம் மறுத்துக் கல்லெறிந்த நிகழ்வையும் சென்னை கண்டது. ஆகவே விஸ்போர்க் நமக்குத் தொலைவிலுள்ள ஊரன்று.

ஆயுதமாகாத சிலுவை

இனி, தொடக்கத்தில் நாம் சொன்ன விடைக்கு வருவோம். ஸ்டோக்கரின் புதினத்தில் சிலுவையும் நற்கருணை அப்பமும் காட்டேரியை விரட்டும் படைக்கலங்கள். அவற்றைக் கண்டு அவன் பின்வாங்குவான். பிற்காலப் பேய்ப்படங்கள் பலவும் இதையே வழக்கமாக்கின. 1958-இல் இங்கிலாந்தில் எடுத்த டிராகுலா படத்தில், இரு மெழுகுதிரித் தண்டுகளைக் குறுக்கே பிடித்துச் சிலுவையாக்கி அவனை வீழ்த்துவர். பார்க்க விறுவிறுப்பான காட்சிதான். ஆனால் சிலுவை ஒரு மந்திரக்கோலா? நம்புகிறவனின் வாழ்வு எவ்வாறிருப்பினும், கையில் பிடித்தாலே வேலை செய்யும் கருவியா? நம் மக்களுள்ளும் சிலுவையைக் கழுத்தில் தாயத்தாகவும், தீர்த்தத்தை வீட்டுக்குக் காவலாகவும் மட்டுமே கொள்வோர் உள்ளனரே!

'நோஸ்ஃபெராட்டு' படத்தில் சிலுவை அவ்வாறு எங்கும் வீசப்படவில்லை. அது இரண்டு இடங்களில் நம் கண்ணில் படுகிறது. கடற்கரை மணற்குன்றில், கடலில் மாண்டவர்களின் கல்லறைச் சிலுவைகளுக்கு நடுவே எல்லன் கணவனுக்காகக் காத்திருக்கிறாள். பின்னர், ஆளரவமற்ற தெருவில் ஒருவன் நடந்து, சாவு விழுந்த வீட்டுக் கதவுகளில் சுண்ணக்கட்டியால் சிலுவைக் குறியிடுகிறான். இரண்டிடத்திலும் சிலுவை பேயை விரட்டவில்லை. துன்புறும் மாந்தரின் அருகே நிற்கிறது. அதன் பொருளை நிறைவேற்றுவதோ, தன் சாளரத்தின் வழியே சவப்பெட்டிகள் செல்வதைக் கண்டு, இனியொருவரும் சாகலாகாது என்று உறுதிகொள்ளும் எல்லனே. கொல்வதால் அன்று, தன்னைத் தருவதால் அவள் வெல்கிறாள். திருச்சிலுவையின் மறைபொருள் இதுவன்றோ? ஆண்டவர் தம் பகைவரைச் சிலுவையால் அடிக்கவில்லை. அதில் தாமே தொங்கினார்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. குடும்பத்துக்காகப் பெண் எதையும் பொறுத்தே ஆகவேண்டும் என்று, அடிக்கும் கணவனிடமே அவளைத் திருப்பியனுப்பும் கொடுமைக்கு எல்லனைச் சான்றாக்குவோர் இருக்கலாம். அது பெரும் பிழை. எல்லனை எவரும் ஏவவில்லை. அந்நூலைப் படிக்க வேண்டாம் என்றே கணவன் தடுத்தான். பிறர் நம்மேல் சுமத்தும் சாவு பலியன்று, கொலை. தானே அறிந்து, தானே விரும்பித் தருவதே பலி. ஃபிளாரன்ஸ் தமக்குரியதை விட்டுக்கொடாமல் கேட்டதும், எல்லன் தன்னையே கொடுத்ததும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல. நீதியைக் கேட்கும் உரிமை இருக்கும் இடத்தில்தான் ஈகைக்குப் பொருள் உண்டு.

படம் உயிர்ப்பைச் சொல்லவில்லை என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. எல்லன் இறக்கிறாள்; கதை இடிந்த கோட்டையோடு முடிகிறது. நற்செய்தியைத் திரைப்படத்திடம் கேட்பது முறையுமன்று. ஆனால் ஓர்லாக் அழியும் முறை கருதத்தக்கது. அவன் வெட்டுண்டு வீழ்வதில்லை; ஒளிபட்டு மங்கி, தரையில் சிறு புகையாக எஞ்சுகிறான். தீமை என்பது தனியே ஒரு பொருளன்று, நன்மையின் குறைவே என்று புனித அகுஸ்தினார் சொன்னதாகக் குருமடத்தில் நாம் பயின்றோம். தனக்கென உயிரற்று, பிறர் உயிரை உறிஞ்சியே நிற்கும் ஒன்று, ஒளியின் முன் எதுவுமாக மிஞ்சுவதில்லை. வகுப்பில் கடினமாயிருந்த அக்கோட்பாட்டை, ஒரு படப்பெட்டியும் ஓர் உருவை மங்கச் செய்யும் எளிய உத்தியும் கண்முன் காட்டிவிட்டன.

தீமையைக் காணும்போது கத்தியைத் தேடும் பழக்கம் மனிதரைவிட்டு எளிதில் நீங்குவதில்லை. அந்நியனையோ, அயலானையோ, இறந்தவனையோ தோண்டியெடுத்துப் பழி தீர்த்தால் நோய் நீங்கும் என்னும் நம்பிக்கை ஒவ்வொரு நூற்றாண்டிலும் புதுப்பெயரில் எழுகிறது. போரில் தோற்ற, பசித்த ஒரு நாட்டிலிருந்து வந்த இப்படம் வேறொரு வழியைக் காட்டியது. நோயாளியின் படுக்கையருகே இரவெல்லாம் விழித்திருக்கும் தாயும், தொற்றுக்கு அஞ்சாமல் பிணம் சுமந்த இளைஞரும், தம் மகனைக் கொன்றவனின் வீட்டுக்குச் சோறு அனுப்பும் எளியோரும் அவ்வழியை நன்கறிவர். இருளைத் திட்டுவதால் விடிவதில்லை. விடியும் வரை ஒருவர் விழித்திருக்க வேண்டியுள்ளது.